நிலவறையில் நமத்த அப்பளம்

மேற்கு மலையின் அடிவாரத்தில் பூதலிங்கம் ஆசானின் வைத்தியசாலை இருந்தது. ஆனி பிறந்தால் அங்கே சாரல் பிடித்துக்கொள்ளும். பெரிதாகக் கொட்டாது, விட்டும் தொலையாது. துவைத்த துணி காயாது, தீக்குச்சி பற்றாது, உப்பு ஜாடியில் கை விட்டால் உப்பு கையோடு ஒட்டிக்கொண்டு வரும். சாரலோடு காய்ச்சலும் வரும். காய்ச்சலுக்கு வேண்டிய நிலவேம்பும் மற்ற மூலிகைகளும் சித்திரை வெயிலிலேயே காய்ந்து, கட்டுக்கட்டாகி, வைத்தியசாலைக்கு அடியில் இருந்த நிலவறைக்குள் போய்விடும். சாரல் முடியும்வரை அவற்றை ஈரம் தொடாமல் காப்பாற்றிவிட்டால் சுற்றுவட்டாரம் பிழைத்துக்கொள்ளும்.

அந்த நிலவறைச் சாவி மாசிலாமணியின் இடுப்பில் இருந்தவரைக்கும் சொல்வதற்குக் கதை எதுவும் இல்லை.

மாசிலாமணி ஆசானின் மூத்த சீடர். ஆசானைவிட வயதிலும் மூத்தவர், தலை முழுக்க நரைத்தவர். பழைய ஆசான் கண்மூடும் முன் தனக்குப் பிறகு பூதலிங்கம் என்று கைகாட்டியபோது, தன்னைவிட இளையவரின் காலில் முதலில் விழுந்தவர் இவர்தான். அதில் அவருக்கு எள்ளளவும் வருத்தமில்லை. ஆசான் அவரை "அண்ணாச்சி" என்று கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் எதையும் செய்வார்.

பிறகு இசக்கியப்பன் வந்தான்.

மஞ்சள்காமாலையோடு வந்தவன். தேங்காய் உரிக்கிற வேலை செய்தவன். உடம்பு தேறியது, ஆனால் ஊருக்குத் திரும்பவில்லை. "எனக்குன்னு யாரும் இல்ல ஆசான், இங்கனயே கெடக்கேன்" என்றான். கிடந்தான். சித்தரத்தைக்கும் சுக்குக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் வாயைத் திறந்தால் சிரிப்பு. அவன் சிரித்தால் ஆசானும் சிரிப்பார், தோள் குலுங்கச் சிரிப்பார்.

இத்தனை வருஷத்தில் ஆசான் தன்னோடு அப்படிச் சிரித்தது உண்டா என்று மாசிலாமணி யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வைகாசி கடைசியில் ஆசான் அவரைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இனிமே நீங்க எம்பக்கத்துல உக்காந்து நாடி பாக்கணும். உங்க விரலு அதுக்குள்ளது. நிலவறைய யாரு வேணும்னாலும் பூட்டித் திறக்கலாம். சாவிய இசக்கியப்பங்கிட்ட குடுத்துருங்க."

மனுஷர் காதில் முதல் பாதி விழவே இல்லை. சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

"பயப்படாதிய அண்ணாச்சி, கண்ணு மாதிரி பாத்துக்கிடுவேன்" என்றான் இசக்கியப்பன், பல்லெல்லாம் தெரிய.

மாசிலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நிலவறையில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க அந்தச் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில், பொரித்த சூட்டோடு ஓர் அப்பளத்தைக் கொண்டுபோய் அறையின் நடுவில் இருக்கும் கல்மேல் வைத்துக் கதவைப் பூட்டிவிடுவார்கள். பொழுது சாயும்போது எடுத்துவந்து ஆசான் முன்னால் உடைப்பார்கள். நொறுங்கினால் அறை நலம். வளைந்தால் அறைக்கு நோய். நொறுங்கிய அப்பளம் அறையைக் காத்தவனுக்கே. இசக்கியப்பன் அதை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிச் சாப்பிடுவதை ஆசான் ரசித்துப் பார்ப்பார்.

செய்ய வேண்டிய காரியம் அதிகம் இல்லை. தட்டுகளில் சுட்ட சுண்ணாம்புக் கல் இருக்கும். அது ஈரத்தைக் குடித்து மாவாக உதிர்ந்தால் வேறு கல் வைக்க வேண்டும். கிழக்குச் சுவரில் ஒரு காற்றுத்துளை. வெளிக்காற்று உலர்ந்திருக்கும் நாளில் மட்டும் அதைத் திறக்கலாம். சாரல் நாளில் திறந்தால் வெளியே இருக்கிற வெதுவெதுப்பான காற்று உள்ளே வந்து, குளிர்ந்த கல்லில் பட்டு, சுவரெல்லாம் வேர்த்துக் கொட்டும். கதவும் அப்படித்தான். சட்டென்று நுழைந்து சட்டென்று வெளியேற வேண்டும். இவ்வளவையும் இசக்கியப்பனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாசிலாமணியேதான். வேண்டாவெறுப்பாகச் சொன்னார், ஆனால் சரியாகச் சொன்னார்.

இசக்கியப்பன் சொன்னபடி செய்தான். அதுதான் மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை.

'இவன் எங்கேயாவது கோட்டை விடாமலா இருப்பான்?' என்று மனசு அரித்தது. ஒருநாள் காலை, வாய்க்காலில் குளித்துவிட்டு வரும்போது பார்த்தார். இசக்கியப்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போகிறான். சாவி அடுக்களை ஆணியில் தொங்குகிறது.

"பாத்தியா லட்சணத்த!" என்று முணுமுணுத்தார். சாவியை எடுத்தார்.

மருந்து இருக்கிற அறைக்குள் குளிக்காமல் போகக் கூடாது. அவர் குளித்திருந்தார். தன் காலத்தில் அவர் தலை துவட்டி, உலர்ந்த வேட்டி கட்டிக்கொண்டுதான் படி இறங்குவார். இப்போது வேட்டி மாற்றப் போனால் அவன் அதற்குள் திரும்பிவிடுவான். ஈர வேட்டியோடு இறங்கினார்.

உள்ளே நிலவேம்புக் கட்டுகளுக்குக் கீழே நின்று விளக்கைத் தூக்கிப் பார்த்தார். சுவரைத் தடவினார், கட்டுகளை மோந்தார், தட்டுகளை எண்ணினார். குறை எதுவும் கிடைக்கவில்லை. வெகுநேரம் நின்றும் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு படியேறினார்.

அன்று சாயங்காலம் இசக்கியப்பன் அப்பளத்தை ஆசான் முன்னால் உடைத்தான். அது உடையவில்லை. வெற்றிலை மடிவதுபோல் மடிந்தது.

"நமத்துப்போச்சே ஆசான்!" என்றான் இசக்கியப்பன், நம்ப முடியாமல்.

"சுண்ணாம்பு மாத்துனியா?" என்று கேட்டார் ஆசான்.

"முந்தாநாளுதான் மாத்துனேன்."

"நாளைக்கும் பாப்போம்."

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். முகத்தில் வந்துவிட்ட சந்தோஷத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்றுதான். இவனால் முடியாது என்று அவருக்கு முதலிலேயே தெரியும். இனி விடக் கூடாது, கூடவே இருந்து கவனிக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்.

அன்றிலிருந்து தினமும் இறங்கினார். காலையில் அவன் குளிக்கப் போகும்போது ஒரு தடவை. மத்தியானம் அவன் சாப்பிட உட்காரும்போது, சாரலில் நனைந்தபடியே முற்றத்தைக் கடந்து இன்னொரு தடவை. அப்பளம் தினமும் வளைந்தது. வளைய வளைய அவருக்கு அறைமேல் அக்கறை கூடியது. அக்கறை கூடக் கூட, உள்ளே நிற்கிற நேரமும் கூடியது.

பக்கத்தில் உட்கார்ந்து நாடி பார்க்கிற வேலை என்ன ஆயிற்று என்று கேட்கலாம். உட்கார்ந்தார். நோயாளியின் மணிக்கட்டில் விரல் இருக்கும், காது நிலவறைப் படியில் இருக்கும்.

"அண்ணாச்சி, வாதமா பித்தமா?" என்று ஆசான் கேட்பார்.

"ஆங்?" என்பார்.

இசக்கியப்பன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். சுண்ணாம்புக் கல்லைப் புதிதாகச் சுட்டுவந்து வைத்தான். மறுநாளே உதிர்ந்தது. கதவு இடுக்கில் சாக்கைத் திணித்தான். கரியைப் பரப்பினான். ஒன்றும் பலிக்கவில்லை. ஒருநாள் மாசிலாமணியிடமே வந்து நின்றான்.

"அண்ணாச்சி, உங்க காலத்துல அப்பளம் ஒருநாளும் நமத்ததில்லன்னு எல்லாரும் சொல்லுதாவ. எப்படி வச்சிருந்திய? எனக்குச் சொல்லித்தாங்களேன்."

"சொன்னா உனக்குப் புரியாது."

"புரியலன்னா அடிங்க. ஆனா சொல்லுங்க."

"அதெல்லாம் கைராசிடே. கடையில விக்காது."

அவன் கண் கலங்கிப் போனான். அதைப் பார்த்து மாசிலாமணியின் மனசு ஓரத்தில் எங்கோ சுருக்கென்றது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

ஆடி பிறந்தது. சாலைக்குக் காய்ச்சல்காரர்கள் வரத் தொடங்கினார்கள். அந்த வாரம்தான் நிலவேம்புக் கட்டு ஒன்றில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்ததை மாசிலாமணி பார்த்தார். மேலே ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"ஆசான், இனிமே பொறுக்க முடியாது! மருந்து பூத்துப்போச்சு. ஊரே காய்ச்சல்ல கெடக்கு, இங்க இவங்கிட்ட சாவி கெடக்கு. வந்து பாருங்க."

மூன்று பேரும் இறங்கினார்கள். ஆசான் பூத்த கட்டை எடுத்துத் தள்ளி வைத்தார். மற்றக் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இது ஒண்ணுதான். மத்தது தேறும்" என்றார்.

"இன்னைக்கு ஒண்ணு. நாளைக்கு?" என்றார் மாசிலாமணி. "தரையப் பாருங்க. தண்ணி ஊறுது. இவன் கண்ணுல இது படவே இல்ல."

நிலவேம்புக் கட்டுகளுக்கு நேர் கீழே, கல்தரையில் ஓர் இடம் மட்டும் கறுத்து நனைந்திருந்தது. ஆசான் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு மாசிலாமணியின் வேட்டியைப் பார்த்தார். அதன் கரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

இசக்கியப்பன் அழுதேவிட்டான். "ஆசான், நான் ஒரு சொட்டுத் தண்ணி இதுக்குள்ள கொண்டு வரல. செத்துப்போன எங்கம்மா மேல சத்தியம்."

"நீ கொண்டு வரலன்னா அதுவா நடந்தா வந்துச்சு?" என்று சீறினார் மாசிலாமணி. ஆசான் பக்கம் திரும்பினார். "ஆசான், நான் இதுவரைக்கும் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல. இன்னைக்குக் கேக்கேன். இந்த அறைக்குள்ள ஈரத்தக் கொண்டுவந்த ஆளு சாலைய விட்டு வெளிய போகணும். அது யாரா இருந்தாலும் சரி. நானா இருந்தா நான் போறேன்."

"சொல்லு சொல்லுதானே, அண்ணாச்சி?"

"சொல்லு சொல்லுதான்."

"சரி" என்றார் ஆசான். "கொண்டுவந்த ஆளு வெளிய போகட்டும்."

மாசிலாமணிக்கு அன்று நல்ல தூக்கம். சாவி திரும்ப இடுப்புக்கு வரப்போகிறது, ஆசானின் சிரிப்பும் கூடவே வந்துவிடும் என்று நம்பினார்.

காலையில் ஆசான் மருந்துப் பையோடு வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துல காய்ச்சலாம். ஆள் அனுப்பியிருக்காவ. நீங்களும் வாங்க."

"நானா? அப்போ இவன் விஷயம்?"

"போகவேண்டிய ஆளு போகும். வேட்டி துணிமணி எடுத்துக்கிடுங்க."

"நாம திரும்பி வாரதுக்குள்ள மருந்து பூராவும் பூத்திரும், ஆசான்."

"பூக்கட்டும். நடங்க."

போகும் வழியெல்லாம் சாரல். ஆசான் முன்னால் நடந்தார். மாசிலாமணி பின்னால் நடந்தார். நடந்தது உடம்பு மட்டும்தான். இந்நேரம் அந்தப் பயல் கதவை ஆவென்று திறந்துபோட்டிருப்பான், காற்றுத்துளை வழியாக மழை உள்ளே போகும், அவன் அடுப்படியில் உட்கார்ந்து அப்பளம் தின்றுகொண்டிருப்பான். இப்படி ஒரு வளைவுக்கு ஒரு நினைப்பாக வந்தது.

"அண்ணாச்சி, எங்க இருக்கிய?" என்று திரும்பாமலே கேட்டார் ஆசான்.

"இங்கதான் ஆசான். உங்க பின்னாலதான் வாரேன்."

"காலு வருது."

தோட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். ஆசான் ஒரு வரிசை வீடுகளைப் பார்த்தார், மாசிலாமணியை அடுத்த வரிசைக்கு அனுப்பினார். அங்கே பேச்சியம்மாள் என்று ஒருத்தி. ஏலக்காய் பறிக்கிறவள். காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் வாய் மட்டும் சோரவில்லை. மாசிலாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு மலை உச்சியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏ பெரியவரே! நாடி எங் கையில ஓடுதா, அந்த மலையில ஓடுதா?" என்றாள் அவள்.

எதிர் வரிசை வீட்டு வாசலிலிருந்து ஆசான் சிரிப்பது கேட்டது. தோள் குலுங்கச் சிரித்தார். இசக்கியப்பனோடு சிரிக்கிற அதே சிரிப்பு. மாசிலாமணி வெட்கப்பட்டார். பிறகு, தானே எதிர்பாராமல், அவரும் சிரித்துவிட்டார்.

"உங் கையிலதான் தாயி ஓடுது. குதிரை மாதிரி ஓடுது" என்றார். கண்ணை மூடி விரலை வைத்தார். இந்தத் தடவை நாடி பேசியது.

அன்று முழுக்க எத்தனை கையைப் பிடித்தார் என்று அவருக்கே தெரியாது. கஷாயம் காய்ச்சினார், நெற்றியில் பற்றுப் போட்டார், ஆசானோடு ஒரே தட்டில் கஞ்சி குடித்தார். மறுநாளும் அப்படியே போனது. பேச்சியம்மாளுக்குக் காய்ச்சல் இறங்கி அவள் வேலைக்குப் போகிறேன் என்று சண்டை பிடித்த அன்றைக்குத்தான், நிலவறையைப் பற்றித் தான் நினைக்கவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

திரும்பி வரும்போது சாலையின் கூரை கண்ணில் பட்டது. உடனே பழைய எரிச்சல் வந்து ஒட்டிக்கொண்டது. சாரல் இங்கேயும் ஒருநாள்கூட விடவில்லை என்று வழியில் பார்த்தவர்கள் சொன்னார்கள். 'நல்லது, இந்நேரம் எல்லாம் பூத்திருக்கும்' என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்கு அவருக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

இசக்கியப்பன் ஓடி வந்தான். கையில் அப்பளம்.

"ஆசான்! அண்ணாச்சி! கேளுங்க!"

உடைத்தான். நொறுங்கியது. துணுக்குகள் தரையெல்லாம் சிதறின.

"நீங்க போன மறுநாளே கொஞ்சம் நிமிந்துச்சு. அப்புறம் தினமும் இப்படித்தான்!" என்று குதித்தான்.

மாசிலாமணியின் முகம் கறுத்தது. "இப்பப் பொரிச்சதா இருக்கும்" என்றார்.

"காலையில வச்சது, அண்ணாச்சி."

"சாவியக் குடு."

ஆசான் தலையசைத்தார். இசக்கியப்பன் சாவியைக் கொடுத்தான். வழிநடையில் நனைந்த வேட்டியை மாற்றச் சொல்லி ஆசான் உலர்ந்த வேட்டி ஒன்றை நீட்டினார். மாசிலாமணி அதைக் கட்டிக்கொண்டு விளக்கோடு இறங்கினார். மற்ற இருவரும் படியிலேயே நின்றார்கள்.

சுவர் காய்ந்திருந்தது. சுண்ணாம்புக் கல் உதிராமல் முழுசாக இருந்தது. நிலவேம்பை ஒடித்தார், சடக்கென்று ஒடிந்தது. காற்றுத்துளை மூடியிருந்தது. சாக்கு, கரி, தட்டு எல்லாம் அவர் விட்டுப்போனபோது இருந்த இடத்திலேயே இருந்தன.

"என்னடே செஞ்ச?" என்று கீழேயிருந்து கத்தினார்.

"ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. காலையில வச்சேன், சாயங்காலம் எடுத்தேன். மத்த நேரம் பூட்டியே கெடந்துச்சு."

"பொய் சொல்லாத. எதையோ மாத்தியிருக்க."

"சத்தியமா இல்ல."

தண்ணீர் ஊறிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். எப்போதும் நிற்கிற இடத்தில் போய் நின்று விளக்கைத் தாழ்த்தினார். தரை காய்ந்திருந்தது. ஈரம் காய்ந்த இடத்தில் வெள்ளையாக ஒரு விளிம்பு கட்டியிருந்தது. அந்த விளிம்புக்குள்ளே, சரியாக நடுவில், அவருடைய இரண்டு பாதங்களும் இருந்தன. நகர்ந்து பார்த்தார். திரும்ப நின்று பார்த்தார்.

கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்ற நேரமெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சொட்டச் சொட்ட நின்றிருக்கிறார். சுவரில் முகத்தை வைத்து மூச்சு விட்டிருக்கிறார்.

வெகுநேரம் கழித்துப் படியேறி வந்தார். கதவைப் பூட்டினார். சாவியை இசக்கியப்பன் கையில் வைத்தார்.

"ஏன் அண்ணாச்சி, எதுவும் கெட்டுப்போச்சா?" என்று அவன் பயந்துபோய்க் கேட்டான்.

"இல்லடே. நல்லா வச்சிருக்க" என்றார். அவனிடம் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

பிறகு வாசலில் வைத்திருந்த தன் மூட்டையைத் தூக்கினார். ஆசான் முன்னால் போய் நின்றார். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஆசான், உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

ஆசான் தோளில் கிடந்த மருந்துப் பையை இறக்கி வைத்தார்.

"ஈரத்தக் கொண்டுவந்த ஆளு வெளிய போகணும்னு என் வாயாலதான் சொன்னேன். சொல்லு சொல்லுதான். போறேன்."

"போகவேண்டிய ஆளு போயிட்டுத்தான வந்தாச்சு, அண்ணாச்சி" என்றார் ஆசான். "தோட்டத்துல இத்தன நாளும் எங்கூடத்தான இருந்திய."